அரைக் கும்பிடு

பிப்ரவரி 4, செவ்வாய்

முதலில் அன்றைக்கு இருந்தவர்கள் பெயரை எழுதிவிடுகிறேன். நாளைக்கு ஒருத்தரும் நான் அங்கே இல்லையே என்று சொல்லிவிடக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை என் பேத்தி தாரணிக்கு வெற்றிலை மாற்றியபோது எங்கள் வீட்டில் இருந்தவர்கள்: என் மகன் கனகவேல். அவன் பெண்டாட்டி செல்வராணி. தாரணி. மாப்பிள்ளைப் பையன் அசோக். அவன் அப்பா தவசிக்கனி, விருதுநகரில் எண்ணெய்க் கடை வைத்திருப்பவர். அவர் பெண்டாட்டி ஞானசெல்வி, காபி வேண்டாம் வேண்டாம் என்று சொல்லி இரண்டு தடவை வாங்கிக் குடித்தவள். தரகர் மாசிலாமணி. என் ஓரகத்தி குருவம்மாள், அதாவது என் வீட்டுக்காரரின் தம்பி பெண்டாட்டி, பக்கத்து வாசல். அப்புறம் நான், வேலுத்தாய். பந்தல் போட வந்தவன் வாசலில் நின்றான். அவன் போனில் பேசிக்கொண்டிருந்ததால் சாட்சியில் சேர்க்கவில்லை.

நடந்தது இதுதான். தவசிக்கனி உள்ளே வந்தார். எல்லாரும் கும்பிட்டார்கள். நானும் கும்பிட்டேன். அவர் எல்லார் கும்பிட்டையும் தலையை ஆட்டி வாங்கிக்கொண்டே வந்தவர், என்னிடம் வந்ததும் நின்றுவிட்டார். என் கையைப் பார்த்தார். என் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் ஒரு எலுமிச்சம்பழம் வைக்கிற அளவு இடம் இருந்தது. விரல் நுனி மட்டும் தொட்டுக்கொண்டிருந்தது. அவர் முகம் சுண்டிப்போயிற்று. போய் உட்கார்ந்தார். வெற்றிலை மாற்றி முடிகிறவரைக்கும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

எல்லாரும் என்ன நினைத்தார்கள் என்று எனக்குத் தெரியும். பாயசத்தை நினைத்தார்கள். தவசிக்கனியின் தங்கை கல்யாணத்தில் அவருடைய அம்மா ராமுத்தாய் வாளியோடு பந்தியில் வந்தாள். எனக்கு இடப்பக்கம் இருந்தவளுக்கு ஊற்றினாள், வலப்பக்கம் இருந்தவளுக்கு ஊற்றினாள், என் இலையைத் தாண்டிப் போனாள். தாரணியின் அப்பன் அப்போது கால்சட்டை போட்டுக்கொண்டு திரிந்தான். ராமுத்தாய் அன்றைக்கு அரக்குச் சேலை கட்டியிருந்தாள், இடது தோள்பட்டையில் மஞ்சள் கறை. பாயசத்தில் முந்திரி கிடந்தது. எனக்கு எதுவும் மறக்காது.

இந்த நோட்டு வந்த கதையையும் சொல்லவேண்டும். நேற்று நாங்கள் வேலை பார்த்த தீப்பெட்டி ஆபீசில் மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து வந்து முகாம் போட்டார்கள். நஸ்ரின் என்று ஒரு சின்ன வயது டாக்டர். சர்க்கரை வியாதி மூட்டுக்குள்ளே போய் என்ன செய்கிறது என்று பெரிய ஸ்கேன் மிஷினில் படம் பிடித்துப் பார்க்கிறார்களாம். அதற்கு ஜோடி ஜோடியாக ஆள் வேண்டுமாம். ஒருத்திக்குச் சர்க்கரை இருக்கவேண்டும், மற்றவளுக்கு இருக்கக் கூடாது. வயது, வேலை, சாப்பாடு எல்லாம் ஒன்றாக இருக்கவேண்டும். நானும் குருவம்மாளும் ஒரே வருசம் சாத்தூருக்கு வாழ வந்தவர்கள். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து தீக்குச்சி அடுக்கினவர்கள். எங்களைப் பார்த்ததும் டாக்டருக்குப் புதையல் கிடைத்த மாதிரி இருந்தது.

"சர்க்கரை யாருக்கு பாட்டி?"

"இவளுக்குத்தான். இருவது வருசமா மாத்திரை திங்கிறா."

"உங்களுக்கு?"

"எனக்கு எதுக்கு வருது? நான் யாரு குடியக் கெடுத்தேன்?"

டாக்டர் ஆளுக்கொரு நோட்டைக் கொடுத்து, தினமும் மூட்டு வலி எவ்வளவு என்று பத்துக்குள் ஒரு எண் போடச் சொன்னார். எண்ணை மட்டும் எழுத இவ்வளவு தாள் எதற்கு? நான் மூன்றாம் வகுப்பு. மிச்சத் தாளை வீணாக்க மனசு வரவில்லை.

வலி: முழங்கால் மூன்று. தவசிக்கனி ஆறு.

பிப்ரவரி 6, வியாழன்

ரேசனில் பச்சரிசி போட்டார்கள். புடைத்துக் கல் எடுத்தேன். கொத்தவரங்காய் வற்றலைத் திருப்பிப் போட்டேன்.

சாயந்திரம் கருப்பட்டி மிட்டாய் வாங்கி வந்து குருவம்மாள் வாசலுக்கு நேராக நாற்காலி போட்டுச் சாப்பிட்டேன். வாரத்துக்கு மூன்று நாலு தடவை இப்படிச் செய்வதுதான். எனக்கு இதில் ஒன்றும் ஆசை கிடையாது. அவள் பார்க்கவேண்டும் என்பதற்காகச் சாப்பிடுகிறேன்.

அவள் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அக்கா, ஒங்க பாத்ரூமுக்குத் தேர் பாக்கப் போற மாதிரி எறும்பு போகுது. ஒருக்கா ரத்தத்தக் குத்திப் பாத்துருங்களேன்."

"ஒன் வீட்டுச் சீனி டப்பாவ மூடி வையி. எறும்பு வராது."

"என் வீட்ல சீனியே கெடையாதேக்கா."

"அதான் பசியில என் வீட்டுக்கு வருது."

அவளுக்கு இருக்கிறதால் ஊருக்கே இருக்கவேண்டும். எவ்வளவு பொறாமை.

இந்த வருசம் வெயில் தையிலேயே ஆரம்பித்துவிட்டது. செம்பு செம்பாகத் தண்ணீர் குடிக்கிறேன், நாக்கு காய்ந்தே கிடக்கிறது. செல்வராணியிடம் கேட்டால் வெயிலா, எங்கே என்கிறாள். அவளுக்குத் தோல் கெட்டி.

செருப்பு வார் கடித்துக் கால் கட்டைவிரலில் புண். தாரணி ரத்தத்தைப் பார்த்துச் சொன்ன பிறகுதான் எனக்கே தெரியும். வலி கொஞ்சம்கூட இல்லை. வலியைத்தானே எழுதச் சொன்னார்கள், அதனால் புண்ணுக்குப் பூஜ்யம்.

பிப்ரவரி 9, ஞாயிறு

தரகர் மாசிலாமணி வந்தார். காபி குடிக்கும்வரைக்கும் மழை தண்ணி பற்றிப் பேசினார். தம்ளரைக் கீழே வைத்த பிறகுதான் விசயம் வந்தது.

"தவசிக்கனி அண்ணாச்சி ஒரு வார்த்த சொல்லிவிட்டாக. பெரியவுக அவுக வீட்டுக்கு வந்து, எல்லாரும் பாக்க, ரெண்டு உள்ளங்கையும் ஒட்ட ஒரு கும்பிடு போடணுமாம். பங்குனி பொறக்குறதுக்குள்ள. அதுக்கப்புறந்தான் பத்திரிக்க அடிக்கக் குடுப்பாகளாம்."

"போடலேன்னா?"

"பத்திரிக்க அடிக்க மாட்டாக."

தாரணி சமையற்கட்டு நிலைப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கையில் போன் வைத்திருந்தாள். அந்தப் பையன் அசோக் பஸ் ஏறினால்கூட இவளுக்குச் சொல்லிவிட்டுத்தான் ஏறுகிறான். இவளும் அதைப் படித்துவிட்டுச் சோற்றைக் குழைய விடுகிறாள். இப்போது அந்தப் போனைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள்.

தரகர் போன பிறகு கனகவேல் பிடித்துக்கொண்டான்.

"நீ கும்பிட்டியா இல்லையாம்மா?"

"கும்பிட்டேன்."

"முழுசாவா?"

"கும்புடுல என்னடா அரை, முழுசு? தேங்காயா?"

"அந்தப் பாயசத்த நீ இன்னும் விடலதானே?"

நான் கொஞ்சம் யோசித்தேன். பிறகு "விடல" என்றேன். அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டான்.

வலி: எழுதவில்லை.

பிப்ரவரி 10, திங்கள்

இரண்டு கையையும் பலகையில் சேர்த்து வைத்து மேலே அம்மிக்குழவியை வைத்துப் பார்த்தேன். குழவி உருண்டு போய் செல்வராணியின் மாவுச் சட்டியில் விழுந்தது.

பிப்ரவரி 11, செவ்வாய்

விளக்கெண்ணெய் தடவி, கதவுச் சந்தில் கையைக் கொடுத்து அழுத்தினேன். தாரணி வந்து கதவைத் திறந்து, என்ன செய்றீங்க அப்பத்தா என்றாள். கதவு சரியாக மூடுதா என்று பார்த்தேன் என்றேன். கதவு நன்றாக மூடுகிறது.

பிப்ரவரி 13, வியாழன்

மதுரைக்கு வேன் அனுப்பினார்கள். ஜன்னலோரத்தில் குருவம்மாள் முந்திக்கொண்டாள். துணைக்குத் தாரணி வந்தாள்.

ஸ்கேன் அறைக்குள் இரும்பு, தங்கம் எதுவும் போகக் கூடாதாம். மூக்குத்தியைக் கழற்றச் சொன்னார்கள். என் கல்யாணத்துக்குப் போட்டது, இதுவரை கழற்றினதில்லை. சோப்புத் தண்ணீர் விட்டு நர்சு திருகத் திருக அது என்னைப் போலவே இருந்தது, அசையவே இல்லை. கடைசியில் குருவம்மாள் வந்து எப்படியோ ஒரு திருகில் எடுத்துத் தன் முந்தியில் முடிந்துகொண்டாள். திருப்பிக் கொடுக்கிறவரைக்கும் அந்த முந்தியைவிட்டு நான் கண்ணை எடுக்கவில்லை.

சர்க்கரை இல்லை என்பதற்கு ரத்தம் வேண்டும் என்று நர்சு ஊசியோடு வந்தாள். ஸ்கேன் என்றுதானே கூப்பிட்டீர்கள், ஊசி என்று சொல்லவில்லையே என்றேன். கையை இழுத்து முந்தானைக்குள் சுற்றிக்கொண்டேன். டாக்டர் நஸ்ரின் வந்து பார்த்தார். மிஷினுக்கு வரிசை காத்திருக்கிறது, இவ்வளவு பொருத்தமான ஜோடி மறுபடி கிடைக்காது, ரத்தத்தை அடுத்த தடவை எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார். நல்ல பெண்.

கைக்கு ஒரு கூண்டு, முழங்காலுக்கு ஒரு கூண்டு மாட்டி, அண்டாவைப் படுக்கப்போட்ட மாதிரி ஒரு குழாய்க்குள் தள்ளினார்கள். உள்ளே போனதும் டக்டக், கொர்ர், டொய்ங் என்று சத்தம். தீப்பெட்டி ஆபீசில் புது மிஷின் இறக்கினபோதுகூட இவ்வளவு சத்தம் இல்லை. அசையக் கூடாதாம். சும்மா கிடக்கிற நேரத்தில் பழைய கணக்கையெல்லாம் ஓட்டிப் பார்த்தேன். யார் யார் என்ன சொன்னார்கள், எந்த விசேசத்தில், என்ன சேலையில். ராமுத்தாயின் பாயச வாளி என் இலைப்பக்கம் வரும்போது மைக்கில் ஒருத்தன், "பாட்டி அசையாதீங்க, படம் கலங்குது" என்றான். மறுபடி முதலிலிருந்து எடுத்தார்கள். மறுபடி பாயச வாளி வந்தது. மறுபடி அசைந்துவிட்டேன். மூன்றாவது தடவை, "நல்ல விசயமா எதையாவது நினைச்சுக்குங்க பாட்டி" என்றான்.

நல்ல விசயம் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் படம் எடுத்து முடித்துவிட்டார்கள்.

வலி: மூக்கு நாலு.

பிப்ரவரி 20, வியாழன்

இன்றைக்கு மறுபடி மதுரை. டாக்டர் கம்ப்யூட்டரில் இரண்டு படத்தைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் காட்டினார். சாதாரண ஸ்கேனில் எலும்பு, சவ்வு இருக்கிற வடிவம் தெரியுமாம். இந்த ஸ்கேன் அந்தச் சவ்வுக்குள்ளே நீர் எப்படி இருக்கிறது, நார் எப்படி இருக்கிறது என்றுகூடக் கலர் போட்டுக் காட்டிவிடுமாம். பச்சை என்றால் நல்லது. மஞ்சள், சிவப்பு என்று போகப் போக உள்ளே மாறிவிட்டது என்று அர்த்தமாம்.

ஒரு படம் கம்பங்கொல்லை மாதிரிப் பச்சையாக இருந்தது. மற்றது கோயில் கொடை அன்றைக்கு மஞ்சளும் குங்குமமும் கொட்டின தெரு மாதிரிச் சிவப்பும் மஞ்சளுமாக இருந்தது.

"பச்சை என்னுது" என்றேன்.

"பச்சை குருவம்மா பாட்டியோடது."

டாக்டருக்கே குழப்பமாகத்தான் இருந்தது, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"படம் மாறிப்போச்சு" என்றேன். "பெரியாஸ்பத்திரியில பிள்ளையே மாறுது, படம் மாறாதா?"

"மாறியிருக்க வாய்ப்பு ரொம்பக் குறைவு பாட்டி. ஆனாலும் மறுபடி ஒருக்கா எடுத்துருவோம்."

வேனில் வரும்போது குருவம்மாள் ஒரு வார்த்தை பேசவில்லை. பச்சை என்று சொன்னதற்கு ஒரு சிரிப்பாவது சிரித்திருக்கலாம். இந்தத் தடவை ஜன்னலோரத்தை எனக்கு விட்டுக் கொடுத்தாள். அதையும் நான் குறித்து வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 24, திங்கள்

ஏமாற வழியில்லாமல் எல்லாம் செய்தேன். என் மணிக்கட்டில் பிளாஸ்திரி ஒட்டி வேலுத்தாய் என்று எழுதச் சொன்னேன். குருவம்மாள் மணிக்கட்டில் அவள் பெயர். தாரணியை ஸ்கேன் அறை வாசலில் நிறுத்தி, யார் உள்ளே போகிறார்கள், யார் வருகிறார்கள் என்று பார்க்கச் சொன்னேன். கம்ப்யூட்டர் முன்னால் இருந்தவனிடம் அவன் பெயர், அப்பா பெயர், ஊர் எல்லாம் கேட்டு வைத்துக்கொண்டேன்.

குருவம்மாள் படம் பச்சை. என் படம் சிவப்பு.

இந்தத் தடவை டாக்டர் ஊசியைப் பற்றிக் கேட்கவில்லை. நர்சு பின்பக்கமாக வந்து குத்திவிட்டாள். அப்புறம் டாக்டர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"பாட்டி, இப்ப கும்பிடுங்க பார்ப்போம்."

"ஒன்னையா? நீ என் பேத்தி வயசு."

"சும்மா. ரெண்டு உள்ளங்கையும் நல்லா ஒட்டணும்."

கும்பிட்டேன். எலுமிச்சம்பழ அளவு இடம் அப்படியே நின்றது. டாக்டர் மெதுவாக அழுத்திப் பார்த்தார். விரல் நீளவில்லை.

"எவ்வளவு நாளா இப்படி?"

குருவம்மாளைப் பார்த்தேன். அவள் சுவரில் இருந்த காலண்டரை இதுவரை காலண்டரே பார்க்காதவள் மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் சொன்னார். ரத்தத்தில் சர்க்கரை ரொம்ப வருசம் கூடுதலாக இருந்தால் அது மூட்டைச் சுற்றியிருக்கிற நார்களில் போய் ஒட்டிக்கொள்ளுமாம். நார் விறைத்துவிடுமாம். விரல் முழுசாக நீட்ட வராதாம், கை ஒட்டாதாம். படத்தை மட்டும் வைத்து இதைச் சொல்லிவிட முடியாது, ரத்த ரிசல்ட்டும் வரட்டும் என்றார். குருவம்மாளுக்கு மட்டும் ஏன் பச்சை என்று தாரணி கேட்டாள். இருபது வருசம் ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டு, நடந்து, வாயைக் கட்டியிருக்கிறார்கள் என்றார் டாக்டர். அப்புறம் என் காலைப் பார்த்தார். "இந்தப் புண் எப்ப வந்தது?" என்றார். நோட்டில் பூஜ்யம் போட்டிருக்கிறேன் என்றேன்.

தாரணி என் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் கெட்டிக்காரி. வெற்றிலை மாற்றின அன்றைக்கு என்ன நடந்தது என்று அவளுக்கு அப்போதே விளங்கிவிட்டது. வேனில் ஏறுகிறதற்கு முன்னால் இரண்டு பேரையும் நிறுத்தி, தாரணியிடம் என் தலையில் அடித்தும், குருவம்மாளிடம் அவள் பேரன் மேலேயும் சத்தியம் வாங்கினேன். வெளியே ஒரு சொல் போகக் கூடாது.

பிப்ரவரி 27, வியாழன்

ரிசல்ட் வந்தது. அந்த எண்ணை இதில் எழுத மாட்டேன். வலிக்குத்தான் எண் எழுதச் சொன்னார்கள்.

பாத்ரூமில் எறும்பு மருந்து தூவினேன்.

மார்ச் 2, ஞாயிறு

கனகவேலும் செல்வராணியும் கல்யாண மண்டபத்தில் முன்பணம் பற்றிப் பேசப் போயிருந்தார்கள். மண்டபத்தைப் பிடிக்கலாமா, விடலாமா என்று அவர்களுக்கே தெரியவில்லை. தாரணி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கினாள்.

"அசோக் போன் பண்ணினாங்க."

"என்ன சொல்றான்?"

"அவுங்க அப்பாகிட்ட ரெண்டு நாளாப் பேசலையாம். பேசாமலே கடையில உக்காந்து எண்ணெய் ஊத்துறாங்களாம். உங்க வீட்ல உனக்கு வேற எடம் பாக்குறாங்களான்னு கேக்குறாங்க."

"நீ என்ன சொன்ன?"

"என்ன சொல்றது? எங்க அப்பத்தாவுக்குக் கை ஒட்டாதுன்னு சொல்லவா? சத்தியம் வாங்கியிருக்கீங்களே."

நான் வெண்டைக்காய்க் காம்பைப் பொறுக்கினேன்.

"சொன்னா என்ன அப்பத்தா? நீங்க அவரை அவமானப்படுத்தல. கை ஒட்டல. படமே இருக்கு. ஒரு நிமிசத்துல முடிஞ்சு போகும்."

"இவ்வளவு நாளா ஒருத்திய வாசல்ல ஒக்காந்து பாத்துச் சிரிச்சிருக்கேன். இப்ப நானே போயி எனக்கும் அதான்னு ஊரு முன்னாடி சொல்லவா?"

"ஆணவம் புடிச்ச கிழவின்னு பேர் வாங்கினாச் சரி, சர்க்கரைக்காரின்னு வாங்கக் கூடாது. அப்படித்தானே?"

"ஆணவத்துக்கு மாத்திர திங்க வேண்டாம்ல."

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. அரிவாள்மனையை மடக்கி வைத்துவிட்டு எழுந்து போனாள். மிச்ச வெண்டைக்காயை நான் நறுக்கினேன். விரல் மடங்கினபடியே இருப்பதால் ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு அளவில் வந்தது. செல்வராணி வந்து பார்த்துவிட்டு, யார் நறுக்கினது, ஆடு மேய்ந்த மாதிரி இருக்கு என்றாள்.

சாயந்திரம் கருப்பட்டி மிட்டாய்க்கு ஆள் அனுப்பவில்லை. நாற்காலியையும் போடவில்லை. குருவம்மாள் மூன்று தடவை வாசலுக்கு வந்து பார்த்துவிட்டுப் போனாள்.

மார்ச் 7, வெள்ளி

குருவம்மாளைக் கூப்பிட்டு, ஒன் படத்தையும் எடுத்துக்கோ, ஞாயிற்றுக்கிழமை விருதுநகர் போறோம் என்றேன். என் படம் எதுக்கு என்றாள். சிவப்பு எவ்வளவு சிவப்பு என்று தெரிய வேண்டுமானால் பக்கத்தில் பச்சை வேண்டும் என்றேன். டாக்டரே அப்படித்தானே காட்டினார்.

மார்ச் 9, ஞாயிறு

தவசிக்கனி வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள்: தவசிக்கனி, ஞானசெல்வி, அசோக், தரகர் மாசிலாமணி. எங்கள் பக்கத்தில் கனகவேல், செல்வராணி, தாரணி, குருவம்மாள், நான். சொந்தக்காரர்கள் என்று இன்னும் ஏழெட்டுப் பேர் சுவரோரமாக நின்றார்கள். ஒரு கும்பிடு பார்ப்பதற்கு இவ்வளவு கூட்டம்.

தவசிக்கனி மரநாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"வாங்கத்த. வந்ததே சந்தோசம். கும்பிட்டுட்டீகன்னா எலயப் போட்டுரலாம்."

நான் பைக்குள் கையைவிட்டு ஸ்கேன் படத்தை எடுத்து அவரிடம் நீட்டினேன். அவர் வாங்கி டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார்.

"என்னது, மீன்முள்ளா?"

"என் கை. தலகீழாப் பிடிச்சிருக்கீக."

திருப்பிப் பிடித்தார். அப்போதும் ஒன்றும் விளங்கவில்லை. குருவம்மாள் எழுந்து போய்த் தன் படத்தைப் பக்கத்தில் பிடித்து விளக்க ஆரம்பித்தாள். "இந்தா பாருங்க, இந்தப் பச்ச சவ்வு நல்லாருக்குன்னு அர்த்தம். செவப்பு கெட்டுப்போச்சுன்னு அர்த்தம். பச்ச என்னுது." பச்ச என்னுது என்பதை இரண்டு தடவை சொன்னாள். நான் எண்ணினேன்.

"இதெல்லாம் எதுக்கு எனக்கு? நான் கும்புடத்தான கேட்டேன்."

வேறு வழியில்லை. தாரணியைப் பார்த்தேன். அவள் அசோக்கைப் பார்க்காமல் என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள், கட்டுப்போட்ட கட்டைவிரலை.

"எனக்குச் சக்கரை" என்றேன். "ரொம்ப வருசமா இருந்திருக்கு. நான் பாக்கல. அதுல வெரல் வெறச்சுப் போச்சு. கையி ஒட்டாது. ஒங்கள மட்டுமில்ல, மாரியம்மனையே ரெண்டு வருசமா இப்படித்தான் கும்புடுறேன். அவ ஒண்ணும் சொல்லல."

அந்த நேரத்தில் கரண்ட் போய்விட்டது. நான் சொன்னதால் இல்லை, விருதுநகரில் அந்த நேரத்துக்குப் போகுமாம்.

இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் நடுவில் ஞானசெல்விதான் முதலில் தன் இரண்டு கையையும் சேர்த்துப் பார்த்தாள். "எனக்கு ஒட்டுது" என்றாள். செல்வராணி சேர்த்துப் பார்த்தாள். தரகர் சேர்த்துப் பார்த்தார். சுவரோரத்தில் நின்ற ஆட்கள் எல்லாரும் கையைச் சேர்த்துச் சேர்த்துப் பார்த்தார்கள். யாரும் யாரையும் பார்த்துக் கும்பிடவில்லை, ஆனால் கூடம் முழுக்கக் கும்பிட்டுக்கொண்டு நின்றது. அப்போது வாசலில் தண்ணீர் கேன் போட வந்தவன் பதறிப்போய் அவனும் கேனைக் கீழே வைத்துவிட்டுப் பதிலுக்குக் கும்பிட்டான்.

தவசிக்கனி மட்டும் கையை நாற்காலிக் கையில் வைத்திருந்தார்.

"அப்பா, நீங்களும் பாருங்க" என்றான் அசோக்.

"நான் எதுக்குடா?"

அதுதான் விசயம். இந்த ஊரில் எல்லாரும் அவரைக் கும்பிடுவார்கள். அவர் தலையை ஆட்டி வாங்கிக்கொள்வார். அவர் கையைச் சேர்த்து எத்தனை வருசமோ. அசோக் விடவில்லை. பிள்ளை இத்தனை நாள் கழித்து வாய் திறந்து பேசுகிறானே என்று நினைத்தாரோ என்னவோ, மெதுவாக எழுந்து நின்று கையைச் சேர்த்தார்.

என் கைக்காவது எலுமிச்சம்பழம். அவர் கைக்கு நடுவில் சாத்துக்குடி வைக்கலாம்.

அழுத்தினார். முகம் சிவந்தது. ஒட்டவில்லை.

"எண்ணெய் டின்னு தூக்கித் தூக்கி இப்படி ஆயிருச்சு" என்றார்.

"எங்க அக்காவும் குச்சி அடுக்குனதுலன்னுதான் இம்புட்டு நாளா சொன்னாக" என்றாள் குருவம்மாள்.

"தாகம் எடுக்குமா?" என்று நான் கேட்டேன்.

ஞானசெல்வி சொன்னாள்: "ஒரு நாளைக்கு ரெண்டு கொடம் குடிக்கிறாரு. கடைக்குப் பின்னாடி எறும்புப் புத்தே இருக்கு."

நானும் அவரும் எதிர் எதிராகக் கையைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றோம். அவருக்கும் இறக்க வெட்கம், எனக்கும் இறக்க வெட்கம். ரெண்டு அரைக் கும்பிடு சேந்தா ஒண்ணாயிருச்சுல்ல, போதும் இறக்குங்க என்றான் அசோக். அந்தப் பையனுக்கு இவ்வளவு பேச்சு வரும் என்று எனக்குத் தெரியாது. தாரணி சிரித்தாள். மார்ச் மாதம் பிறந்து இன்றைக்குத்தான் சிரிக்கிறாள்.

பந்தியில் எனக்குப் பக்கத்தில் தவசிக்கனி உட்கார்ந்தார். பாயச வாளி வந்தது. அவர் கையை நீட்டி நிறுத்தினார்.

"எங்கம்மா செஞ்சதுக்கு இன்னைக்கு ரெண்டு கரண்டியா ஊத்தச் சொல்லலாம்னு இருந்தேன் அத்த. இப்பப் பாத்துச் சக்கரங்கிறீக."

வாளி எங்கள் இரண்டு இலையையும் தாண்டிப் போனது. முந்திரி கிடந்தது.

மார்ச் 10, திங்கள்

குருவம்மாள் அதைச் சொல்வாள் என்று காலையிலிருந்து காத்திருக்கிறேன். அன்றைக்கே சொன்னேனே, ரத்தத்தக் குத்திப் பாருங்கன்னு. அந்த ஒரு வார்த்தை. பதிலும் தயாராக வைத்திருக்கிறேன். அவள் கீரை ஆய்ந்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மார்ச் 12, புதன்

இன்றைக்கும் சொல்லவில்லை.

மார்ச் 23, ஞாயிறு

பத்திரிகை அடித்து வந்துவிட்டது. வைகாசியில் கல்யாணம். என் பெயரைச் சரியாகப் போட்டிருக்கிறார்கள். தவசிக்கனி மாத்திரை சாப்பிட ஆரம்பித்திருக்கிறாராம். அவர் மிட்டாய் கேட்டால் அசோக் ஸ்கேன் படத்தைக் காட்டுகிறானாம்.

டாக்டர் நஸ்ரின் போன் செய்தார். சர்க்கரை இல்லாதவர்கள் பட்டியலிலிருந்து என்னை எடுத்துவிட்டார்களாம். நோட்டு வேண்டும் என்றார். பசுமாடு தின்றுவிட்டது என்றேன். பாட்டி வீட்டில் பசுமாடு கிடையாது என்று குருவம்மா பாட்டி சொன்னார்களே என்றார். குருவம்மாளுக்குப் புது ஜோடியாக மேலத்தெரு சீதாலட்சுமியைச் சேர்த்திருக்கிறார்களாம். சீதாலட்சுமி தீக்குச்சி அடுக்கினதே இரண்டு வருசம். அதுவும் கோணலாக அடுக்குவாள். அவளும் இவளும் வியாழக்கிழமை வேனில் ஒன்றாக மதுரை போகிறார்கள். எனக்கென்ன வந்தது.

புண் ஆறிக்கொண்டு வருகிறது. இப்போதுதான் அதில் கொஞ்சம் வலி தெரிகிறது. டாக்டர் அது நல்லது என்றார். நோட்டில் இரண்டு என்று போட்டேன்.

உட்கார்ந்து ஒரு கணக்குப் பார்த்தேன். தவசிக்கனியை மன்னித்துவிட்டேன், அவர் கை என் கையைவிட மோசம். ராமுத்தாயை மன்னித்துவிட்டேன். அன்றைக்கு அவள் ஊற்றியிருந்தால் ஒரு கரண்டிச் சர்க்கரை கூடியிருக்கும். பின்னால் வந்து குத்தின நர்சை மன்னித்துவிட்டேன். மைக்கில் நல்ல விசயம் நினைக்கச் சொன்னவனையும் விட்டுவிட்டேன்.

ஒருத்தியை மட்டும் முடியாது. தினமும் காலையில் சூரியன் ஏறுகிறதற்குள் வந்து கதவைத் தட்டுகிறாள். நடக்கக் கூட்டிப்போகிறாள். வந்ததும் என் காலைத் தன் மடியில் எடுத்து வைத்து, பழைய கட்டை அவிழ்த்து, மருந்து போட்டு, புதுசாகக் கட்டுகிறாள். மாத்திரையை விழுங்குகிறேனா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்கிறாள். எல்லாம் செய்கிறாள். அந்த ஒரு வார்த்தையை மட்டும் இதுவரைக்கும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நல்லா நாலு வார்த்தை கேட்டுவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். இனிமேலும் சொல்ல மாட்டாள், அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. என்ன ஆனாலும் மன்னிக்க மாட்டேன்.

குருவம்மாளை.